இளைஞர் அணி நேர்காணலுக்குத் தயாராவது எப்படி? டெல்டா இளைஞர்களுக்கு முழுமையான வழிகாட்டி

கட்சிகளின் இளைஞர் அமைப்புகளில் ஒன்றியம், நகரம், மாவட்டம் என்று பொறுப்புக்கு ஆள் எடுக்கும்போது நேர்காணல் வைப்பது இப்போது பரவலாகிவிட்டது. வருகிற பிள்ளைகளில் பலர் மேடைப் பேச்சு ஒன்றை மனப்பாடம் செய்துகொண்டு வருகிறார்கள். எதிரில் உட்கார்ந்திருப்பவர், "தம்பி, உங்க பாகம் நம்பர் என்ன? அதுல எத்தன ஓட்டு?" என்று கேட்டதும் அப்படியே நின்றுவிடுகிறார்கள். (வாக்காளர் பட்டியலில் ஒரு வாக்குச்சாவடிக்கு உரிய பகுதிதான் பாகம்.) நல்ல பேச்சாளர்கள் எல்லாக் கட்சியிலும் தேவைக்கு மேல் இருக்கிறார்கள். தன் ஊரை வீடுவீடாகத் தெரிந்தவர்களுக்குத்தான் பஞ்சம். அதனால் உங்கள் தயாரிப்பில் பாதிக்கு மேல் ஊருக்குள் நடப்பதிலேயே போக வேண்டும்.

மூன்று வாரம் இருந்தால் நிதானமாகச் செய்யலாம். கீழே உள்ள வரிசையை மாற்றாதீர்கள். ஒவ்வொரு படியில் சேர்ப்பதும் அடுத்த படிக்குத் தேவைப்படும்.

1. தகுதியை முதலில் பாருங்கள்

வயது வரம்பு அமைப்புக்கு அமைப்பு மாறும். இளைஞர் காங்கிரஸில் 18 முதல் 35. மற்ற அமைப்புகளில் பொறுப்பைப் பொறுத்தும் மாறலாம். எந்தத் தேதியை வைத்து வயதைக் கணக்கிடுகிறார்கள் என்பதை அறிவிப்பில் பாருங்கள். பத்தாம் வகுப்பு மதிப்பெண் சான்றிதழில் உள்ள பிறந்த தேதியும் ஆதாரில் உள்ளதும் ஒன்றாக இருக்கிறதா என்று இப்போதே சரிபாருங்கள். வேறாக இருந்தால் அதைத் திருத்த நாளாகும்.

அரசு ஊழியர்கள் கட்சியில் சேர 1973-ஆம் ஆண்டு நடத்தை விதிகள் இடம் தராது. ரேஷன் கடை, கூட்டுறவுச் சங்கம், நெல் கொள்முதல் நிலையம் போன்ற இடங்களில் பருவகால வேலையோ ஒப்பந்த வேலையோ பார்ப்பவர்கள் தங்கள் பணி விதியைப் படித்துவிட்டு விண்ணப்பியுங்கள். வேலை போன பிறகு கட்சி வந்து காப்பாற்றும் என்று நம்பி இறங்க வேண்டாம்.

என்றோ ஒரு நாள் வேறு கட்சிக்கு மிஸ்டு கால் கொடுத்திருப்பீர்கள், கல்லூரி வாசலில் உறுப்பினர் படிவத்தில் கையெழுத்துப் போட்டிருப்பீர்கள். அதுவும் உறுப்பினர் கணக்கில்தான் வரும். விலகல் கடிதம் எழுதி அனுப்பி, நகலை வைத்துக்கொள்ளுங்கள்.

வழக்கு இருந்தால் மறைக்கவே கூடாது. காவல் நிலையம், குற்ற எண், பிரிவு, இப்போதைய நிலை ஆகிய நான்கையும் ஒரு தாளில் எழுதி வையுங்கள். சாலை மறியலில் பதிவான வழக்கும் அடிதடி வழக்கும் ஒன்றல்ல, அது கேட்பவருக்கும் தெரியும். நீங்கள் சொல்லாமல் விட்டு வேறொருவர் வாயிலிருந்து வந்தால்தான் ஆபத்து.

2. உங்கள் எல்லையைத் தெளிவாக்குங்கள்

டெல்டாவில் இது மிக எளிதாகக் குழம்பும் இடம். கும்பகோணம், பாபநாசம், திருவிடைமருதூர் மூன்றும் தஞ்சாவூர் மாவட்டச் சட்டமன்றத் தொகுதிகள். ஆனால் நாடாளுமன்றத்துக்கு மயிலாடுதுறைத் தொகுதியில் வருகின்றன. மன்னார்குடி திருவாரூர் மாவட்டம், நாடாளுமன்றத்துக்குத் தஞ்சாவூர். திருவாரூர், நன்னிலம், திருத்துறைப்பூண்டி மூன்றும் நாகப்பட்டினம் நாடாளுமன்றத் தொகுதியில். மயிலாடுதுறை 2020-இல் தனி மாவட்டமான பிறகும், "நாகை மாவட்டம் சீர்காழி" என்று பழக்கத்தில் எழுதிவிடுகிறவர்கள் இருக்கிறார்கள்.

இதற்கு மேல் கட்சியின் மாவட்டம் வேறு. பல கட்சிகள் ஒரு வருவாய் மாவட்டத்தை வடக்கு, தெற்கு, மத்தி என்று பிரித்து வைத்திருக்கின்றன. எனவே ஒரு தாளில் கீழிருந்து மேலாக எழுதுங்கள்: தெரு, வார்டு, ஊராட்சி அல்லது பேரூராட்சி, ஊராட்சி ஒன்றியம், வட்டம், சட்டமன்றத் தொகுதி, நாடாளுமன்றத் தொகுதி, வருவாய் மாவட்டம், கட்சி மாவட்டம். ஒவ்வொன்றுக்கும் எதிரே அங்குள்ள உங்கள் கட்சிப் பொறுப்பாளர் பெயரை எழுதுங்கள். ஒன்றியச் செயலாளர் பெயரைத் தெரியாமல் ஒன்றியப் பொறுப்பு கேட்பவரை யாரும் எடுக்க மாட்டார்கள்.

3. பாகத்தை நடந்து பாருங்கள்

இதற்கு ஒரு வாரம் முழுதாக ஒதுக்குங்கள். தலைமைத் தேர்தல் அதிகாரியின் இணையதளத்தில் உங்கள் பாகத்தின் வாக்காளர் பட்டியல் பிடிஎஃப் கோப்பாகக் கிடைக்கும். அதை அச்செடுங்கள். தமிழ்நாட்டில் 2025 நவம்பர் 4 அன்று தொடங்கிய சிறப்புத் தீவிரத் திருத்தத்துக்கு முந்தைய பட்டியல் கையில் இருந்தால் தூக்கிப் போடுங்கள். பெயர்கள் மட்டுமல்ல, பாக எண்ணே மாறியிருக்கலாம்.

நாற்பது பக்க நோட்டு ஒன்று வாங்குங்கள். ஒரு தெருவுக்கு ஒரு பக்கம். மேலே தெருப் பெயர், வீடுகளின் எண்ணிக்கை, வாக்காளர் எண்ணிக்கை. கீழே நான்கு பத்தி: இறந்தவர், ஊரைவிட்டுப் போனவர், பட்டியலில் இல்லாத 18 வயது நிரம்பியவர், பெயரிலோ முகவரியிலோ பிழை உள்ளவர். கடைசி இரண்டு வரியை அந்தத் தெருவின் குறைக்கு விட்டுவிடுங்கள்: தெருவிளக்கு, குடிநீர்க் குழாய், சாக்கடை, சுடுகாட்டுப் பாதை என்று மக்கள் சொல்வது எதுவோ அது.

படிவங்களின் எண் நாக்கு நுனியில் இருக்க வேண்டும். புதிதாகச் சேர்க்கப் படிவம் 6, நீக்கவும் ஆட்சேபிக்கவும் 7, திருத்தத்துக்கும் இடமாற்றத்துக்கும் 8. தகுதி நாள் ஆண்டுக்கு நான்கு: ஜனவரி 1, ஏப்ரல் 1, ஜூலை 1, அக்டோபர் 1. "ஜனவரியில்தான் சேர்க்க முடியும்" என்று இன்னும் பலர் சொல்கிறார்கள், அது பழைய விதி.

திருப்பூருக்கும் சென்னைக்கும் வேலைக்குப் போனவர்களின் பக்கத்தில் தனிக் குறி போடுங்கள். அவர்கள் வீடும் குடும்பமும் இங்கேயே இருக்கலாம். போய்விட்டார்கள் என்று அவசரமாக முடிவுகட்டினால் ஒருவருடைய வாக்குரிமையே பறிபோகும். வீட்டில் விசாரித்த பிறகே எழுதுங்கள்.

இந்தப் படியில் நடக்கும் பெரிய தவறு, தன் தெருவைச் சுற்றிவிட்டு ஊரே முடிந்தது என்று நினைப்பது. நம் கிராமங்களில் ஊர்த் தெரு ஒரு பக்கம், காலனி ஒரு பக்கம், நடுவே வாய்க்கால் அல்லது வயல். இரண்டும் பெரும்பாலும் ஒரே பாகத்தில்தான் இருக்கும். ஊர்த் தெருவில் பிறந்தவர் காலனிக்குள் ஒரு முறைகூடப் போகாமல் "எங்க ஊர்ல பெரிசா பிரச்சினை ஒண்ணும் இல்லண்ணே" என்று சொன்னால், அந்த ஒரு வாக்கியத்திலேயே அவரைப் பற்றி எல்லாம் தெரிந்துவிடும். காலனியில் பிறந்தவர் ஊர்த் தெருவுக்குள் போகத் தயங்கினால், உங்கள் கிளைப் பொறுப்பாளரையோ பள்ளித் தோழரையோ உடன் அழைத்துப் போங்கள். வாக்காளர் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு எந்த வாசலிலும் நின்று பேச உங்களுக்கு உரிமை உண்டு. கீழ்வெண்மணியில் 1968 டிசம்பர் 25 அன்று தலித் விவசாயக் கூலிக் குடும்பங்களைச் சேர்ந்த 44 பேர் எரிக்கப்பட்ட மண் இது. எந்தக் கட்சியில் சேர்ந்தாலும், இரண்டு பக்கத் தெருவிலும் கால் வைக்காதவருக்கு இங்கே அரசியல் பொறுப்பு கொடுக்கக் கூடாது என்பதே என் கருத்து.

நோட்டில் பெயருக்கு எதிரே சாதியை எழுதாதீர்கள். நோட்டு கைமாறினால் ஊரில் சண்டை வரும், உங்கள் மீதுள்ள நம்பிக்கையும் போகும்.

4. தண்ணீரையும் நெல்லையும் எண்ணோடு தெரிந்துகொள்ளுங்கள்

டெல்டாவில் நேர்காணல் என்றால் காவிரி பற்றிக் கேட்காமல் விட மாட்டார்கள். அடிப்படை எண்கள் இவை. மேட்டூர் அணையின் முழு நீர்மட்டம் 120 அடி, கொள்ளளவு 93.47 டிஎம்சி. வழக்கமான திறப்பு நாள் ஜூன் 12, மூடுவது ஜனவரி 28. காவிரி நடுவர் மன்றத்தின் இறுதித் தீர்ப்பு 2007 பிப்ரவரி 5: கர்நாடகம் மாநில எல்லையில் உள்ள பிலிகுண்டுலுவில் ஆண்டுக்கு 192 டிஎம்சி தர வேண்டும். உச்ச நீதிமன்றம் 2018 பிப்ரவரி 16 அன்று அதை 177.25 ஆகக் குறைத்தது. அதே ஆண்டு ஜூனில் காவிரி மேலாண்மை ஆணையம் அமைந்தது.

டிஎம்சியையும் கனஅடியையும் குழப்பாதீர்கள். டிஎம்சி என்பது அளவு, 100 கோடி கனஅடி. "விநாடிக்கு இத்தனை கனஅடி" என்பது ஓடும் வேகம். விநாடிக்கு சுமார் 11,574 கனஅடி வீதம் ஒரு நாள் முழுதும் ஓடினால் ஒரு டிஎம்சி. இந்தக் கணக்கு தெரிந்தால் "இன்னைக்கு எவ்வளவு திறந்திருக்காங்க, அது போதுமா?" என்ற கேள்விக்கு நீங்களே கணக்குப் போட்டுப் பதில் சொல்லலாம்.

எண்கள் இருந்தால் மட்டும் போதாது. உங்கள் ஊருக்குத் தண்ணீர் வரும் வழியை மேட்டூரிலிருந்து கடைசி மதகுவரை சொல்லத் தெரிய வேண்டும். கல்லணையில் காவிரி, வெண்ணாறு, கல்லணைக் கால்வாய், கொள்ளிடம் என்று பிரிகிறது. ஒரத்தநாடு, பட்டுக்கோட்டை, பேராவூரணி பக்கம் பெரும்பாலும் கல்லணைக் கால்வாய்ப் பாசனம். மன்னார்குடி, திருத்துறைப்பூண்டி பக்கம் வெண்ணாற்றுப் பிரிவு, நீடாமங்கலம் மூணாறு தலைப்பில் (ஆறு பிரியும் மதகு) வெண்ணாறு, கோரையாறு, பாமணியாறு என்று பிரிந்து வருவது. உங்கள் ஊர் வாய்க்காலின் பெயர், எந்த ஆற்றில் தலைப்பு, கடைசியாக எப்போது தூர்வாரினார்கள், எந்த மதகில் பலகை இல்லை என்பதை வயலில் நிற்கும் பெரியவர்களிடம் கேட்டு எழுதுங்கள். கடைமடைக்காரர்கள் தண்ணீர் வந்து சேர எத்தனை நாள் ஆகிறது என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

நெல்லுக்கு வருவோம். நேரடி நெல் கொள்முதல் நிலையத்தில் ஈரப்பத வரம்பு 17 சதவீதம். அறுவடை நேரத்தில் மழை பெய்தால் நெல் அதைத் தாண்டிவிடும், ஒன்றிய அரசிடம் தளர்வு கேட்க வேண்டியிருக்கும். ஒரு மூட்டை 40 கிலோ. 2025-26 பருவத்துக்கு மாநில ஊக்கத்தொகையையும் சேர்த்துக் குவிண்டாலுக்குப் பொது ரகம் 2,500 ரூபாய், சன்ன ரகம் 2,545 ரூபாய். அப்படியானால் பொது ரகம் மூட்டைக்கு 1,000 ரூபாய். உங்கள் ஊர் விவசாயி கைக்கு அதில் எவ்வளவு வருகிறது, மூட்டைக்கு எவ்வளவு பிடிக்கிறார்கள், லாரி வராமல் எத்தனை நாள் மூட்டைகள் அடுக்கில் கிடந்தன என்று கேளுங்கள். விவசாயியிடம் கேட்ட கையோடு சுமை தூக்குபவரிடமும், நிலையத்தில் இருக்கும் பணியாளரிடமும் கேளுங்கள். மூவரும் சொல்வது மூன்று விதமாக இருக்கும். மூன்றையும் சொல்லத் தெரிந்தவரின் பதிலுக்கு எடை அதிகம்.

பயிர்க் காப்பீட்டில் சம்பாவுக்கு விவசாயி பங்கு காப்பீட்டுத் தொகையில் 1.5 சதவீதம், பதிவுக்கு வழக்கமான கடைசி நாள் நவம்பர் 15. குத்தகைக்குச் செய்பவர் அடங்கல் (விஏஓ தரும் சாகுபடிச் சான்று) வாங்க எங்கே சிக்குகிறார் என்பதை விஏஓ அலுவலக வாசலில் அரை நாள் நின்றால் தெரிந்துகொள்ளலாம்.

பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலச் சட்டம் 2020-இல் வந்தது. அதற்கு முன்பே நடந்துகொண்டிருந்த எண்ணெய், எரிவாயுத் திட்டங்களை அது நிறுத்தவில்லை என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். பாதியை மட்டும் தெரிந்துவைத்திருப்பவர்கள் இந்த இடத்தில்தான் மாட்டுவார்கள்.

நாகை, வேதாரண்யம், பூம்புகார் கரையோரத்தவர்கள் நெல்லுக்குப் பதில் கடலைப் படியுங்கள். மீன்பிடித் தடைக்காலம் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள். அந்த நாட்களில் நிவாரணம் யாருக்குக் கிடைக்கிறது, கரையில் மீன் விற்கும் பெண்களில் யாருக்கு விட்டுப்போகிறது என்று விசாரியுங்கள்.

5. கட்சியைப் படியுங்கள்

கட்சியின் சட்டதிட்டப் புத்தகம், கடைசித் தேர்தல் அறிக்கை, கடைசி மாநாட்டுத் தீர்மானங்கள். இந்த மூன்று போதும். தலைவர் வாழ்க்கை வரலாற்றில் நாட்களைச் செலவழிக்காதீர்கள், அதை எல்லாரும் படித்துவிட்டு வருகிறார்கள்.

காவிரி, நெல் விலை, மீத்தேன், ஹைட்ரோகார்பன் ஆகியவற்றில் உங்கள் கட்சி ஆட்சியிலோ கூட்டணியிலோ இருந்தபோது என்ன நிலை எடுத்தது என்று தேடிப் பாருங்கள். "நம்ம ஆளுங்க அப்ப என்ன செஞ்சாங்க?" என்று கேட்பார்கள். எதிர்க்கட்சியைத் திட்டிவிட்டு நகர்ந்தால், படிக்கவில்லை என்று புரிந்துகொள்வார்கள். கட்சியோடு உங்களுக்கு ஒத்துப்போகாத விஷயம் ஒன்று இருந்தால் அதையும் யோசித்து வையுங்கள். கேட்டால் மட்டும், காரணத்தோடு, அமைதியாகச் சொல்லலாம்.

6. கோப்பைக் கடைசியில் தயார் செய்யுங்கள்

ஜெராக்ஸ் கடையில் பயோடேட்டா அடிப்பதைத்தான் எல்லாரும் முதலில் செய்கிறார்கள். அதில் எழுத வேண்டிய விஷயமே மேலே சொன்ன வேலைகளிலிருந்துதான் வர வேண்டும்.

ஒரே பக்கம். மேலே பெயர், வயது, எல்லை விவரம், பாக எண், உறுப்பினர் எண். அடுத்து, செய்த வேலைகள். அதற்குக் கீழேதான் படிப்பும் தொழிலும். கோப்பில் வாக்காளர் அட்டை, ஆதார், உறுப்பினர் அட்டை, மதிப்பெண் சான்றிதழ் ஆகியவற்றின் நகல் இரண்டு தொகுதி, பாஸ்போர்ட் அளவு படம் நான்கு. அசல்களைத் தனி உறையில் வைத்துக்கொள்ளுங்கள், கேட்காமல் கொடுக்காதீர்கள்.

தலைவர்களோடு எடுத்த படங்களை அடுக்காதீர்கள். அதற்குப் பதில், திங்கள்கிழமை ஆட்சியர் அலுவலக மக்கள் குறைதீர்க்கும் நாளில் நீங்கள் கொடுத்த மனுவின் ஒப்புகைச் சீட்டு ஒன்று இருந்தால் அதை மேலே வையுங்கள். இதுவரை எந்த மனுவும் கொடுக்கவில்லையா? நோட்டில் எழுதிய குறைகளில் ஒன்றை எடுத்து வருகிற திங்களே கொடுங்கள். தெருவிளக்காக இருந்தாலும் பரவாயில்லை.

7. பதில்களை எழுதி, பேசிப் பாருங்கள்

ஏழு கேள்விக்குப் பதில் எழுதினால் போதும்: ஏன் அரசியல், ஏன் இந்தக் கட்சி, உங்கள் பாகம், ஊரின் முதல் பிரச்சினை, நீங்கள் செய்தது, பொறுப்பு கிடைத்தால் முதல் மூன்று மாதம், வாரத்தில் எத்தனை நாள் ஒதுக்க முடியும். ஒவ்வொரு பதிலும் ஒன்றரை நிமிடத்துக்குள் இருக்க வேண்டும். அதற்கு மேல் போனால் குறுக்கே பேசுவார்கள், கோர்வை போய்விடும்.

"மக்களுக்குச் சேவை செய்யணும்னு சின்ன வயசுலேருந்து ஆசைண்ணே" என்ற பதிலை அவர்கள் அன்று காலையிலிருந்து கேட்டுக்கொண்டிருப்பார்கள். அதையே இப்படிச் சொல்லிப் பாருங்கள்: "எங்க பாகத்துல 18 வயசு முடிஞ்சும் பேரு சேராத பிள்ளைங்க பதினாலு பேரு இருக்காங்கண்ணே. ஒம்போது பேருக்குப் படிவம் 6 போட்டாச்சு. மீதி அஞ்சு பேருக்கு முகவரிச் சான்று இல்ல, அதுக்கு அலைஞ்சுகிட்டிருக்கேன்." எண்கள் உங்களுடையதாக, உண்மையாக இருக்கட்டும். அடுத்த கேள்வி அதிலிருந்துதான் வரும்.

எழுதியதை நண்பர் இருவரை எதிரே உட்காரவைத்துச் சொல்லுங்கள். ஒருவராவது கட்சி சாராதவராக இருக்கட்டும். கைப்பேசியில் பதிவுசெய்து கேளுங்கள். மேடைக் குரல் வந்தால் அது நேர்காணலுக்கு ஆகாது, திண்ணையில் பெரியவரிடம் பேசும் குரல் போதும்.

8. கடினமான கேள்விகள்

"பொறுப்பு கொடுக்கலைன்னா என்ன செய்வீங்க?" கிளையில் என்ன வேலையைத் தொடர்வீர்கள் என்று ஒன்றைக் குறிப்பிட்டுச் சொல்லுங்கள். "கட்சி சொல்றத செய்வேன்" என்று மட்டும் சொன்னால் அது பதிலாகாது.

"எவ்வளவு செலவு பண்ண முடியும்?" உங்கள் வருமானத்தை உள்ளபடி சொல்லுங்கள். பணத்துக்குப் பதில் நேரத்தையும் ஆட்களையும் கணக்காகச் சொல்லலாம்: வாரத்தில் இத்தனை மாலை, கூட வரக்கூடியவர்கள் இத்தனை பேர். கடன் வாங்கிச் செலவழிப்பதாக வாக்குக் கொடுக்கவே கொடுக்காதீர்கள். பொறுப்புக்குப் பணம் என்று யாராவது இடையில் வந்து பேசினால் அங்கேயே நிறுத்திவிடுங்கள்.

"உங்க ஊர்ல எந்தச் சமுதாயம் அதிகம்?" இந்தக் கேள்வி வரும். தெருவாரியாகப் பதில் சொல்லுங்கள், ஒவ்வொரு தெருவின் தேவையையும் சேர்த்துச் சொல்லுங்கள். நோட்டை ஒழுங்காக எழுதியிருந்தால் இது கடினமில்லை.

பெண்களிடம் மட்டும் "வீட்ல சம்மதமா? ராத்திரிக் கூட்டத்துக்கு வர முடியுமா?" என்று கேட்கிறார்கள். கேட்பது சரியில்லை, ஆனாலும் தயாராகப் போங்கள். முடிந்த நேரத்தைத் தெளிவாகச் சொல்லி, திரும்பிப் போக வண்டி ஏற்பாடு கட்சியின் பொறுப்பு என்பதையும் சொல்லுங்கள். தமிழ்நாட்டு உள்ளாட்சிகளில் பாதி இடம் பெண்களுக்கு ஒதுக்கப்பட்டது. உள்ளாட்சியில் போட்டியிட 21 வயது போதும். இரண்டையும் நினைவில் வைத்துக்கொண்டு உள்ளே போங்கள், நீங்கள் சலுகை கேட்டு வரவில்லை.

தெரியாததற்கு "தெரியலண்ணே, கேட்டுச் சொல்றேன்" போதும். தவறான எண்ணை அடித்துவிட்டால், அதற்கு முன் சொன்ன சரியான எண்களையும் சந்தேகிப்பார்கள்.

9. அன்றைக்கு

முந்தின நாள் நாட்காட்டியைப் பாருங்கள். முகூர்த்த நாளாக இருந்தால் பேருந்தில் இடமே கிடைக்காது, ஒரு மணி நேரம் முன்னதாகக் கிளம்புங்கள். தனியாகப் போங்கள், அல்லது ஒருவரோடு. நான்கு வண்டியில் ஆள் திரட்டிக்கொண்டு போனால், உள்ளே இருப்பவர்கள் அதை மிரட்டலாகவே எடுத்துக்கொள்கிறார்கள்.

துவைத்துத் தேய்த்த சட்டை போதும், கரை வேட்டி கட்டாயமில்லை. கைப்பேசியை அணைத்துவிடுங்கள். கட்சி வழக்கப்படி வணக்கம் சொல்லுங்கள், காலில் விழ வேண்டாம். உட்காரச் சொன்ன பிறகு உட்காருங்கள். கேள்வி கேட்டவர் முகத்தைப் பார்த்துத் தொடங்கி, மற்றவர்களையும் பார்த்து முடியுங்கள். நோட்டு மடியில் இருக்கட்டும். எண் மறந்தால் திறந்து பார்க்கலாம், அதில் வெட்கம் ஒன்றுமில்லை. உங்கள் கையெழுத்தில் தெருத் தெருவாக எழுதிய பக்கங்கள் அவர்கள் கண்ணில் படுவது உங்களுக்கு நல்லதுதான்.

காத்திருக்கும் நேரத்தில் வெளியே மற்ற விண்ணப்பதாரர்களைப் பற்றியோ உள்ளூர் நிர்வாகிகளைப் பற்றியோ பேச வேண்டாம். டீக்கடையில் சொன்னது உங்களுக்கு முன்னால் உள்ளே போய்விடும்.

10. முடிந்த பிறகு

பதில் தெரியாமல் விட்ட கேள்விகளை அன்றிரவே நோட்டில் எழுதி, விடை தேடுங்கள். கேட்டுச் சொல்வதாகச் சொன்ன விவரத்தை இரண்டு நாளுக்குள் உங்கள் ஒன்றியப் பொறுப்பாளர் மூலம் அனுப்புங்கள். முடிவு என்ன ஆயிற்று என்று தினமும் போன் போடாதீர்கள்.

கொடுத்த மனு எந்த அலுவலகத்தில் நிற்கிறது என்று ஒப்புகைச் சீட்டு எண்ணை வைத்துப் பாருங்கள். பதில் வரவில்லை என்றால் தகவல் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் கட்டணத்தோடு கேளுங்கள், 30 நாளில் பதில் தர வேண்டும். கிராம சபை ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 ஆகிய நாட்களில் கூடும். நேர்காணலுக்குப் பிறகு வரும் முதல் கிராம சபையில், நோட்டில் எழுதிய குறைகளில் இரண்டைத் தீர்மானமாக எழுதிக் கொடுத்து, பதிவேட்டில் ஏறியதா என்று பார்த்துவிட்டு வாருங்கள்.